சாமான் அறை

மார்ச் 4

பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் தொடங்கின. மேட்டுப் பாதை முழுக்கப் புதுப் பிள்ளைகள். கையில் காபி, முகத்தில் வழி தெரியாததை மறைக்கும் மிடுக்கு. நேற்றைய மழையில், கல்வீடு என்று நாங்கள் சொல்லும் பழைய கட்டடத்தின் மேற்கு ஜன்னல் மறுபடியும் ஒழுகியிருக்கிறது. நான் ஆள் அனுப்புவதற்குள் போங்னிம் அக்கா வாளி வைத்து, துணி திணித்து, தரையும் துடைத்து முடித்துவிட்டாள். அந்தக் கட்டடத்தைத் துடைக்க வந்து அவளுக்குப் பத்தொன்பது வருடம். கட்டடப் பராமரிப்புப் பிரிவின் மேனேஜர் என்று எனக்குப் பெயர். எந்த ஜன்னல் எந்தக் காற்றுக்கு ஒழுகும் என்று தெரிந்தவள் அவள்.

மத்தியானம் வழக்கம்போல் படிக்கட்டுக்குக் கீழே சாப்பாடு. துப்புரவுப் பெண்கள் ஐந்து பேரின் ஓய்வறை. கூரை சாய்ந்து கிடக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். தரையில் சூடாகும் மின்சாரப் பாய், மூலையில் குக்கர், சுவரில் ஒரு கண்ணாடி. தலைக்கு மேல் பிள்ளைகள் ஏறி இறங்கும் சத்தம். அக்கா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "இது புதுசு. இன்னும் படிய எண்ணிக்கிட்டே ஏறுது."

மார்ச் 11

இன்று ஒரே சந்தோஷம். கல்வீட்டின் பரணில் ஒரு தகரக் குழாய். அதற்குள் 1933-இன் வரைபடங்கள். மிஷன்காரர்கள் கட்டியபோது போட்ட அசல். ஓரங்களை எலி கடித்திருக்கிறது, மற்றபடி முழுசு. மை கூட மங்கவில்லை.

பேக் மேடத்திடம் ஓடினேன். நிர்வாக இயக்குநர் அவர்; என்னைவிட நான்கு வயது சிறியவர், இந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்தவர். கல்வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கப் போகிறார்களாம். கட்டடத்தின் இன்றைய நிலை பற்றிய அறிக்கையை நானே எழுத வேண்டுமாம். அட்டையில் என் பெயர் இருக்கும் என்றார்.

நான் மாலைக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவள். இங்கே இருபத்தாறு வருடத்தில் என் பெயர் எந்த அட்டையிலும் வந்ததில்லை.

மார்ச் 14

வரைபடத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன். படிக்கட்டுக்குக் கீழே அறை கிடையாது. திறந்த கல் வளைவு. வாசலில் நுழைந்ததும் வளைவு வழியாகப் பின்தோட்டம் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். பலகையும் செங்கல்லும் வைத்து யாரோ பிற்பாடு அடைத்தது. எழுபதுகளில் இருக்கும்.

இத்தனை வருடம் அந்த வளைவுக்கு உள்ளேதான் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். தெரியவில்லை.

மார்ச் 19

பேக் மேடம் வரைவைப் படித்தார். பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. "துப்புரவுப் பணியாளர் ஓய்வறை" என்று எழுதியிருந்தேன்.

ஓய்வறை என்று அறிக்கையில் இருந்தால் புதுச் சட்டப்படி பக்கத்திலேயே, ஜன்னலோடு, இத்தனை அளவு என்று மாற்று அறை கொடுத்த பிறகுதான் அதில் கை வைக்க முடியும். கல்வீட்டைச் சுற்றி வகுப்பறையைத் தவிர வேறில்லை. ஒரு வகுப்பறையை விட்டுக்கொடுக்க எந்தத் துறையும் சம்மதிக்காது. இந்த வருட விண்ணப்பம் தவறினால் அடுத்தது மூன்று வருடம் கழித்து. எல்லாம் அவர் சொல்லவில்லை. பாதியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "அசல் வரைபடத்துல இல்லாத ஒண்ண அறைன்னு எப்படிச் சொல்றது, ஹேரான்? நாலு சாமான் போட்டு வச்ச இடம். அவ்வளவுதானே?"

யோசித்து எழுதுகிறேன் என்றேன்.

மார்ச் 20

"சாமான் அறை" என்று மாற்றினேன். காலை ஒன்பதேகால் மணிக்கு. உடனே கையெழுத்தும் போட்டேன்.

மத்தியானம் கேன்டீனில் சாப்பிட்டேன். வேலை அதிகம் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 22

முதல் கட்டத்தில் தேறிவிட்டது. பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கும் அனுமதி. நகர அலுவலகத்திலிருந்து வந்தவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான அறிக்கையைப் பார்த்து நாளாயிற்று என்றார். பேக் மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே ஒரு துண்டு நல்ல மாட்டிறைச்சி வாங்கிக்கொண்டேன்.

மே 27

அறிவிப்பு ஒட்டினார்கள். "படிக்கட்டின் கீழுள்ள சாமான் அறை அகற்றப்படும்." அக்கா அதைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். ரப்பர் கையுறையைக் கூடக் கழற்றவில்லை.

"பத்தொம்பது வருஷமா நாங்க சாமானாவா இருந்தோம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மேலிடத்தில் யாரோ தெரியாமல் எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். நான் திருத்தச் சொல்வேன் என்று வந்திருக்கிறாள்.

இயக்குநர் அலுவலகத்தில் எழுதியது, எனக்கும் இன்றுதான் தெரியும் என்றேன்.

வாயில் எப்படி வந்தது? யோசிக்கவே இல்லை. தயாராக இருந்தது போல வந்தது.

அக்கா நம்பினாள். "நீ என்ன பண்ணுவ, உனக்கு மேலயும் ஆள் இருக்கே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். சட்டையில் ஈரக் கையுறையின் தடம் இருந்தது.

ஜூன் 14

அறையைக் காலி செய்தார்கள். குக்கர், பாய், கண்ணாடி, எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன், எனக்கு விவாகரத்து ஆன வாரம், ஊழியர் கேன்டீனில் எல்லாரும் என் தட்டைப் பார்ப்பது போலிருக்கும். கல்வீட்டின் பின்பக்கம் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். அக்கா குப்பைப் பையோடு வந்தவள், ஒன்றும் கேட்காமல், "உள்ள வா, சோறு சூடா இருக்கு" என்றாள். அன்று ஆரம்பித்தது. பிறந்தநாளன்று குடிக்கும் கடற்பாசி சூப்பை எனக்கு வைத்துத் தருவது இப்போது அவள் ஒருத்திதான்.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டே நின்றேன். பிறகு தடுப்புச் சுவரை இடித்தார்கள். தூசி அடங்கியதும் வளைவு தெரிந்தது. சாம்பல் நிறக் கல், ஒவ்வொன்றும் கையால் செதுக்கியது. பின்தோட்டத்து வெயில் அதன் வழியாக வாசல் வரை வந்து விழுந்தது. தொண்ணூற்றொரு வருடத்துக்கு முன் யாரோ நினைத்தபடியே.

மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அழுகை வந்தது சந்தோஷத்தில்தான்.

ஜூலை 9

அவர்களுக்குப் புது இடம்: கீழே கார் நிறுத்தும் நிலவறையில், பம்ப் ரூமை ஒட்டி. துப்புரவு ஒப்பந்தக் கம்பெனி கொடுத்தது. இன்று போய்ப் பார்த்தேன். ஜன்னல் இல்லை. சுவரில் பூஞ்சை. மோட்டார் ஓடும்போது பேசுவது கேட்காது. கல்வீட்டிலிருந்து இறங்க எட்டு நிமிடம், ஏற பதினைந்து. இடைவேளையே இருபது நிமிடம்.

தர்ப்பூசணி வாங்கிப் போயிருந்தேன். மற்ற நால்வரும் உள்ளே உட்கார்ந்து தின்றார்கள். அக்கா மட்டும் வெளியே நின்று தின்றாள். உள்ளே மூச்சு முட்டுகிறதாம்.

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 2

கடிதம் எழுதவில்லை. எழுதினால் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், முன்பு ஓய்வறை எங்கே இருந்தது என்று.

அக்டோபர் 15

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

நூலகத்தில் கல்வீட்டுக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். வரைபடம், பழைய போட்டோ, கண்ணாடிப் பெட்டிக்குள் என் அறிக்கை. பேக் மேடம் பன்னிரண்டாம் பக்கத்தை விரித்து வைக்கச் சொல்லியிருந்தார், வளைவின் படம் அந்தப் பக்கத்தில் இருப்பதால். கண்ணாடியைத் துடைக்கப் போனவள் படித்திருக்கிறாள். சாமான் அறை. கீழே தேதி. கீழே என் பெயர்.

பாதையில் எதிரே வந்தாள். நான்தான் நின்றேன். அவள் தலை தாழ்த்தி வணங்கினாள், முழு வணக்கம், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் செய்வது போல.

"சாப்பிட்டீங்களா, மேனேஜரம்மா?"

அக்கா, நான் சொல்றதக் கேளு என்றேன். "வேலை கெடக்குதுங்க" என்று ஒதுங்கிப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம். திட்டத் தெரியாதவள் இல்லை அவள்.

நவம்பர் 3

என் பிறந்தநாள். கேன்டீனில் கறிச்சோறு.

டிசம்பர் 5

என் ஜன்னலிலிருந்து கல்வீட்டின் பின்படிகள் தெரியும். பத்தரை மணி இடைவேளையில் அக்கா அங்கே உட்கார்கிறாள். அட்டைப்பெட்டியை மடித்துக் கீழே போட்டு, இரண்டு கையாலும் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு. சுழியத்துக்குக் கீழே ஆறு டிகிரி. மற்ற நால்வரும் ஓட்டமும் நடையுமாகக் கீழே போய் வருகிறார்கள். இவள் போவதில்லை. முழங்கால் வலி அவளுக்கு, அந்த மேட்டில் இறங்கி ஏற முடியாது.

தினமும் தெரிகிறது.

இன்று திரையை இறக்கிவிட்டேன்.

ஜனவரி 9

விழுந்துவிட்டாள். பின்படிகளில் பனி உறைந்திருந்தது. இடுப்பு எலும்பு. இருபது நிமிடம் அங்கேயே கிடந்திருக்கிறாள், ஒரு மாணவி பார்க்கும் வரை.

திரை இறங்கி இருந்தது. நான் உள்ளேதான் இருந்தேன். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம்.

ஜனவரி 13

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. ஆறு பேர் படுக்கும் வார்டு. ஸ்ட்ராபெரி கொண்டுபோனேன். அக்கா நன்றி சொன்னாள். பல்கலைக்கழகத்தில் எல்லாரும் நலமா என்று விசாரித்தாள். குளிர் குறைந்ததா என்று கேட்டாள். பத்து நிமிடம் அப்படியே பேசினாள். ஒரு வார்த்தையைக்கூடப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நுழைய முடியவில்லை.

ஜனவரி 21

அக்காவின் மகள் இன்சில் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், குழந்தைகள் காப்பகத்தில் வேலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

பணியிட விபத்தாக ஏற்கச் சொல்லித் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறார்கள்; ஏற்றால்தான் சிகிச்சைச் செலவு கிடைக்கும். கம்பெனி மறுக்கிறது: ஓய்வறை கீழே இருக்கும்போது இவர் தன் விருப்பத்தில் வேறெங்கோ போய் உட்கார்ந்து விழுந்தார். பழைய ஓய்வறை கல்வீட்டிலேயே இருந்தது, அந்தப் பழக்கத்திலும் கால் வலியிலும்தான் அங்கே உட்கார்ந்தார் என்று இவர்கள் சொன்னால், கம்பெனிக்காரர்கள் எடுத்து நீட்டுவது என் அறிக்கையை. பல்கலைக்கழகமே சொல்கிறது, அங்கே ஓய்வறை என்று ஒன்று இருந்ததே இல்லை.

"ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அது ஓய்வறைதான், நீங்களே அங்க சாப்பிட்டீங்கன்னு. அது போதும்."

அம்மா அனுப்பினாங்களா என்று கேட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா விடமாட்டாங்க."

இரண்டு நாளில் தருகிறேன் என்றேன்.

ஜனவரி 23

பேக் மேடத்திடம் சொன்னேன். சொல்லாமலே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அனுமதி கேட்பது போல் போய் நின்றேன். மறுக்கட்டும் என்றுதானே போனேன்?

அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். இறுதி ஆய்வு பிப்ரவரி கடைசியில். அறிக்கையில் ஒரு பொய் இருக்கிறது என்று அறிக்கை எழுதியவரே சொன்னால் மொத்தமும் நிற்கும். "ஒரு மாசம் பொறுங்க. பதிவு முடியட்டும். அப்புறம் நானே கூட எழுதித் தரேன்."

ஒரு மாதம்தானே.

ஜனவரி 27

இன்சில் போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜனவரி 31

மறுபடியும். கூட்டத்தில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். கல்வீட்டின் வளைவுக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 6

இன்றும் எழுதவில்லை.

பிப்ரவரி 17

பதினான்காம் தேதி வரை வந்த தாள்களை வைத்து விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். இன்சில் அந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இரண்டாம் பத்தியில் என் வாக்கியம், அப்படியே, மேற்கோள் குறிக்குள். அக்காவை நாளை மறுநாள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்களாம். நடை பழக்கும் சிகிச்சை இன்னும் ஏழு வாரம் பாக்கி, இனி அங்கே தங்க வழியில்லை.

நாலு நாள் முன்னாடி குடுத்திருந்தாக்கூடப் போதும். நாலு நாள். என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தேன் நான், அந்தக் கல்ல என்ன தூக்கிட்டா போயிடுவாங்க?

பிப்ரவரி 18

எழுதினேன். மூன்று பக்கம். அது ஓய்வறை. ஐந்து பெண்கள் தினமும் இருந்தார்கள். ஏழு வருடம் நானும் அங்கே சாப்பிட்டேன். முதல் வரைவில் ஓய்வறை என்றே எழுதியிருந்தேன், அதையும் இணைத்திருக்கிறேன். மார்ச் 20 அன்று தெரிந்தே மாற்றினேன். யாரும் என் கையைப் பிடித்து மாற்ற வைக்கவில்லை.

ஒரு பிரதி இன்சிலுக்கு, ஒன்று நகர அலுவலகத்துக்கு, ஒன்று பேக் மேடம் மேசையில். மேடம் படித்துவிட்டு, "இதுல என் பேரே இல்லையே" என்றார். இல்லைதான். எழுதியது நான்.

மார்ச் 3

மாணவியர் விடுதியின் துணிக்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். போர்வை, தலையணை உறை, திரைச்சீலை. மேனேஜர் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

மே 19

கல்வீடு பதிவாகிவிட்டது. மூன்று மாதம் தள்ளிப்போனது, வேறொன்றும் ஆகவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தை மாற்றி அச்சிட்டுக் கொடுத்தார்களாம். இவ்வளவுதானா? ஒரு பக்கத்தை மாற்ற மூன்று மாதம். இதற்குப் பயந்தா?

செப்டம்பர் 24

மேல்முறையீட்டில் பணியிட விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். இன்சில் செய்தி அனுப்பினாள், அவளுக்கு அந்த மரியாதை இருக்கிறது. அம்மா எப்படி என்று கேட்டேன். கால் ஒன்று குட்டையாகிவிட்டதாம். சிகிச்சையை அப்போது விடாமல் செய்திருந்தால் இந்த அளவு ஆகியிருக்காது என்று மருத்துவர் சொன்னாராம். குற்றம் சொல்லும் தொனியில் எழுதவில்லை அவள். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

நவம்பர் 8

கல்வீட்டைப் பார்வைக்குத் திறந்துவிடும் நாள். போகக் கூடாதென்றிருந்தேன். உணவு இடைவேளையில் கால் அங்கேதான் போயிற்று.

வாசலில் நல்ல கூட்டம். கழுத்தில் அட்டை மாட்டிய மாணவி ஒருத்தி, இரண்டாம் வருடம் போல, விளக்கிக்கொண்டிருந்தாள். வளைவுக்கு முன்னால் ஒரு பெண் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தாள். முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முடி முழுக்க நரைத்திருந்தது. சாயம் போடுவதை விட்டுவிட்டாள் போல.

பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. நான் வந்தது தெரிந்தது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். என்னிடமா, கல்லிடமா, தெரியவில்லை.

அக்கா, மன்னிச்சிடு என்று சொல்ல ஒன்றரை வருடமாக வைத்திருந்தேன். சொன்னேன். அவள் தலையை லேசாக ஆட்டினாள். ஆகட்டும் என்றா, வேண்டாம் என்றா?

அப்போது அந்த மாணவி சொன்னாள், இந்த வளைவு 1933 முதல் இப்படியே திறந்திருக்கிறது என்று. அக்கா அவளைப் பார்த்து, "இல்லம்மா, இங்க ஒரு ரூம் இருந்துச்சு" என்றாள். குரலில் சண்டை இல்லை, வழி கேட்டவருக்குச் சொல்வது போலத்தான். சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. பின்னால் போகக் காலெடுத்தேன். இன்சில் வாசலில் நின்றிருந்தாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நின்றுவிட்டேன்.

மாணவிக்கு முகம் சிவந்துவிட்டது. தனக்குக் கொடுத்த தாளில் அப்படி இல்லை என்றாள். என் அடையாள அட்டையைப் பார்த்து, "மேடம், அவங்க சொன்னது நிஜமா?" என்று கேட்டாள்.

ஆமாம், ஓய்வறை, ஐந்து பேர் என்றேன்.

நல்ல பெண். உடனே பேனாவை எடுத்தாள். "அவங்க பேரெல்லாம் சொல்றீங்களா? அடுத்த குழுவுக்குச் சொல்லணும்."

க்வாக் போங்னிம் என்றேன். ஓக்புன் என்றேன், குடும்பப் பெயர் நினைவில்லை. சாங்சுக். பிறகு நின்றுவிட்டது. சிவப்பு ஸ்வெட்டர் போட்டவள் ஒருத்தி, எனக்கு எப்போதும் அடிச்சோற்றைச் சுரண்டி எடுத்து வைப்பாள். இன்னொருத்தி பேசவே மாட்டாள். ஏழு வருடம் அவர்கள் சோற்றைத் தின்றிருக்கிறேன். என் மூன்று பக்கக் கடிதத்திலும் "ஐந்து பெண்கள்" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மாணவி பேனாவோடு காத்திருந்தாள். கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

கிடங்குக்குத் திரும்பி அக்காவின் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். மற்ற இருவரின் பெயரும் ஓக்புனின் குடும்பப் பெயரும் என்ன என்று மட்டும். வேறெதுவும் சேர்க்கவில்லை. நாலு மணி வரை பதில் இல்லை. போர்வைகளை எண்ணி அடுக்கினேன். ஐந்தரைக்குப் போன் அதிர்ந்தது.

பியோன் இல்சூன்.
மா கும்ஜா.
ஓக்புன் அக்காவோட குடும்பப் பேரு 'நாம்'.

அவ்வளவுதான். மாணவிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.